எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன்

ஃபிரிட்ஜ் கடையில் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர்?" லிட்டர் அப்புறம். உள்ளே குளிர் எப்படிப் பரவுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

இதில் இரண்டு வகை: டைரக்ட் கூல், ஃப்ராஸ்ட் ஃப்ரீ. ஒற்றைக் கதவு டைரக்ட் கூலில் ஃப்ரீசர் பெட்டியின் சுவரே குளிரூட்டும் தகடு. அதில் ஓடும் மெல்லிய குழாயில் ஐசோபியூட்டேன் என்ற குளிரூட்டும் கேஸ் திரவமாக வந்து, கொதித்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ந்த காற்று கனம் கூடி, தானாகக் கீழே இறங்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் நுழையும் ஈரம் தகட்டில் பனியாகப் படியும். பனி வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அது தடித்துவிட்டால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். கீழ்த்தட்டு மாவோ இரண்டாம் நாளே புளித்துவிடும். அரை சென்டிமீட்டர் ஏறியதுமே டிஃப்ராஸ்ட் பொத்தானை அமுக்கிவிடுங்கள். நம்மில் பலர் அதை விட்டுவிட்டுப் பனியைச் சுரண்டக் கத்தியைத் தேடுகிறோம். குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் கேஸ் மொத்தமும் போய்விடும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயிலும் பனி படியத்தான் செய்கிறது, ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால். அங்கே இருக்கும் குளிர்ச்சுருளின் காற்றை ஒரு சின்ன ஃபேன் எல்லாத் தட்டுக்கும் தள்ளுகிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரஸர் நின்று, ஹீட்டர் சுருளின் பனியை உருக்கும். அந்தத் தண்ணீர் வடிகுழாய் வழியே பின்பக்கத் தட்டில் விழுந்து, கம்ப்ரஸர் சூட்டிலேயே ஆவியாகிவிடும். காய்கறிப் பெட்டிக்கு அடியில் குளம் கட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அடைத்திருக்கும். வெந்நீர் ஊற்றினாலே பல சமயம் திறந்துகொள்ளும். காற்று வரும் துளையை ஒட்டிப் பாத்திரத்தை வைத்தால் அந்த இடத்தில் தயிர் உறைந்துபோகும், கதவுப்பக்கம் குளிராது. இன்னொன்று: இந்தக் காற்று உலர்ந்தது. மூடாமல் வைத்த கொத்தமல்லிக் கட்டு ஓரிரு நாளில் துவண்டுவிடும்.

பால், மாவு, கொஞ்சம் காய்கறி என்று இரண்டு மூன்று பேருக்கு 190 லிட்டர் டைரக்ட் கூல் போதும். விலையும் குறைவு. மீன், இறைச்சி சேர்த்து வைக்கும் நான்கைந்து பேர் வீட்டுக்கு 250 லிட்டருக்கு மேல் ஃப்ராஸ்ட் ஃப்ரீ சரி.

ஸ்டாரை எண்ணுவதோடு நிறுத்தாமல், லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட் கணக்கையும் படியுங்கள். சிறிய ஃபிரிட்ஜின் 3 ஸ்டார், பெரியதன் 5 ஸ்டாரைவிடக் குறைவாக மின்சாரம் குடிக்கலாம். காலநிலை வகுப்பு 'டி' (T) என்றிருந்தால் 43 டிகிரி வரையுள்ள அறைச் சூட்டுக்காக வடிவமைத்தது. நம் ஊர் வெயிலுக்கு அதுவே வேண்டும்.

வண்டியில் படுக்கவைத்து வந்திருந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே ஸ்விட்சைப் போடுங்கள். கம்ப்ரஸர் எண்ணெய் திரும்பி இறங்கவேண்டும். பிறகு பக்கச் சுவர் சுடுகிறதே என்று பயந்து மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடும் குழாய்களைப் பல மாடல்களில் அங்கேதான் பதிக்கிறார்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் போதும்.