பார்மசி படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

பல்கலைக்கழகம் போகுமுன் எழுதும் எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடிவுகள் வரும் நேரத்தில் எங்கள் பார்மசி கவுன்டருக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். மருந்து வாங்க இல்லை, பிள்ளையை பார்மசி படிக்க வைக்கலாமா என்று கேட்க. சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு மருந்து கொடுப்பவர் என்றாலே தோட்டத்து மருந்தகத்தில் இருந்த உதவியாளர், அதாவது டிரெஸர்தான் நினைவுக்கு வருவார். அதனால் கேள்வியும் சுற்றி வளைக்காமல் வரும்: "டாக்டர் எழுதினத எடுத்துக் கொடுக்க எதுக்கு மிஸ் நாலு வருஷம்?"

எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை என்றால் நாலு மாதமே அதிகம்.

நம் மலேசியாவில் முதல் பார்மசி பட்டப்படிப்பு 1972இல் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று அரசு, தனியார் என்று பல இடங்களில் இருக்கிறது. நான்கு வருடப் பட்டம், பிறகு தற்காலிகப் பதிவில் ஒரு வருடப் பயிற்சி, அதன் பிறகே முழுப் பதிவு. உள்ளே நுழைய கெமிஸ்ட்ரி கட்டாயம். அது பிடிக்காத பிள்ளையை அப்பா அம்மா ஆசைக்காக அனுப்பாதீர்கள். பல பாடங்களுக்கு அதுதான் அடிப்படை.

மெடிசினல் கெமிஸ்ட்ரி என்ற பாடத்தைக் கண்டு மிரளாத மாணவர் குறைவு. லயத்து வாசலில் தானாக முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியையே எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்று இரண்டு புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. இரண்டும் பெரிய மூலக்கூறுகள், கிட்டத்தட்ட ஒரே வார்ப்பு. ஒரு நைட்ரஜன் மேல் வின்பிளாஸ்டினில் மெத்தில், வின்கிரிஸ்டினில் ஃபார்மைல் என்ற சின்ன அணுக்கூட்டம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வின்கிரிஸ்டின் அளவு மீறினால் பெரும்பாலும் நரம்பைத் தாக்கும், வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையை. அணு ஒன்று இடம் மாறினால் உடம்பில் என்ன மாறும் என்று முன்கூட்டியே யோசிக்கப் பழக்குவதுதான் அந்தப் பாடம். அப்புறம் ஒரு விஷயம்: சர்க்கரைக்கு நல்லது என்று அந்தச் செடியைக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். புற்றுநோய் மருந்து எடுக்கும் செடி அது.

அடுத்தது மாத்திரையைச் செய்யும் கலை. நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எக்ஸ்ஆர் சாப்பிடும் ஓர் அக்கா, மலத்தில் மாத்திரை முழுசாக வந்துவிட்டது என்று டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு வந்து காட்டினார். மருந்து வேலையே செய்யவில்லை என்று நினைத்து மூன்று நாளாக இரண்டிரண்டாகப் போட்டிருக்கிறார். கையுறை மாட்டி அழுத்திப் பார்த்தேன். கொழகொழவென்று நசுங்கியது. அது வெறும் கூடு. தண்ணீர் பட்டதும் ஜெல்லாக ஊதி, மருந்தை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்படி செய்த பொருள் அது. மருந்து போனபின் கூடு மட்டும் வெளியே வரும். சில கம்பெனிகளின் கையேட்டிலேயே இது இருக்கிறது, ஆனால் அந்தச் சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்?

இதே காரணத்தால்தான் எக்ஸ்ஆர், எம்ஆர், எஸ்ஆர், எல்ஏ என்று பெயரின் வாலில் எழுத்து இருக்கும் மாத்திரைகளை அம்மியில் பொடித்துக் கொடுக்கக் கூடாது என்கிறோம். பக்கவாதம் வந்து விழுங்க முடியாத பாட்டிக்குப் பாசத்தோடு பொடித்துத் தருவார்கள். நாள் முழுதும் பரவ வேண்டிய இரத்த அழுத்த மருந்து ஒரே நேரத்தில் இறங்கினால் அழுத்தம் தடாலென்று சரியும். விழுங்க முடியவில்லை என்று சொல்லுங்கள், பெரும்பாலும் வேறு வடிவம் இருக்கும்.

மருந்து எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்பதும் பாடம்தான். ஆசியான் நாடுகளில் விற்கும் மாத்திரைகளை 30 டிகிரி வெப்பம், 75 விழுக்காடு ஈரப்பதத்தில் மாதக்கணக்கில் வைத்துச் சோதிக்க வேண்டும். ஐரோப்பாவுக்கான கணக்கு நம் ஊருக்கு ஒத்துவராது. ஆனால் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டுக்கு எந்தக் கணக்கும் ஒத்துவராது. இன்சுலினை அங்கே விட்டுவிட்டு சாமான் வாங்கப் போகாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம், மக்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொண்டதும் இதுதான்: பயோஈக்குவலன்ஸ், அதாவது வேறு கம்பெனி செய்த மருந்து அசலைப் போலவே இரத்தத்தில் ஏறுகிறதா என்ற சோதனை. அரசாங்க கிளினிக்கில் போன மாதம் வெள்ளை மாத்திரை, இந்த மாதம் மஞ்சள். "மட்டமான மருந்து கொடுத்துட்டாங்க" என்ற புலம்பல் உடனே வரும். காப்புரிமை முடிந்த மருந்தை இன்னொரு கம்பெனி செய்யும்போது, ஆரோக்கியமான சிலருக்கு ஒரு முறை அசல் மருந்தும், சில நாள் இடைவெளி விட்டுப் புதிய மருந்தும் கொடுப்பார்கள். குறித்த நேரங்களில் இரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு ஏறியது, உச்சம் எங்கே தொட்டது என்று அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதத்தின் 90 விழுக்காடு நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, முழுதும் 80 விழுக்காட்டுக்கும் 125 விழுக்காட்டுக்கும் நடுவில் அடங்க வேண்டும். இதைக் கேட்டதும் "அப்போ 80 விழுக்காடு மருந்துதானே இருக்கு" என்பார்கள். இல்லை. மாத்திரையில் உள்ள மருந்தின் அளவுக்கு வேறு சோதனை, அது இதைவிடக் கறாரானது. 80–125 என்பது புள்ளியியல் வேலி. ஆளுக்கு ஆள் ஏற்ற இறக்கம் இருக்கும்போது இடைவெளி முழுதும் அதற்குள் அடங்க வேண்டுமென்றால், நடுப்புள்ளி 100க்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அளவு கொஞ்சம் பிசகினாலும் ஆபத்தான மருந்துகளுக்கு வேலி இன்னும் குறுகல்.

ஆக, நிறம் மாறியதில் ஆபத்து இல்லை. ஆபத்து வேறு இடத்தில். ஒரு பெரியவர் அரசாங்க கிளினிக்கில் அம்லோடிபின் வாங்குகிறார். மகன் கூட்டிப்போன தனியார் கிளினிக்கிலும் ஒன்று தருகிறார்கள், பெட்டியில் நோர்வாஸ்க் என்று பெரிதாக இருக்கிறது. இரண்டும் ஒரே மருந்துதான். நிறமும் பெயரும் வேறு என்பதால் இரண்டையும் விழுங்கி, கால் வீங்கி, வீக்கத்துக்கு மாத்திரை கேட்டு எங்களிடம் வந்தார். பை நிறைய மருந்தைக் கவுன்டரில் கொட்டச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பெட்டியில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்னதாக இருக்கும் பெயரைத்தான் பார்க்க வேண்டும். எங்கே போனாலும் பையோடு போங்கள்.

உடம்புக்குள் மருந்து போகும் பாதை தனிப் பாடம், கணக்கு நிறைய. கதை ஒன்று மட்டும். 1989இல் கனடாவில் ஓர் இரத்த அழுத்த மருந்தையும் மதுவையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃபுரூட் சாறு கலந்தார்கள். இரத்தத்தில் மருந்து எதிர்பாராத அளவு ஏறியது. காரணம் மது இல்லை, சாறு! குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிட்டது. அதே வகைப் பொருள் நம் தம்பூன் லீமாவ் பாலியிலும் (பம்பளிமாஸ்) உண்டு. கொழுப்புக்கு சிம்வஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் பழக் காலத்தில் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கடைசியாக, பகுப்பாய்வு. ஒரு பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவியில் பார்க்கக் கற்றுத் தருகிறார்கள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மூட்டுவலிக்கு விற்கும் ஜாமு, மாஜுன் போன்ற பாரம்பரிய மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது இப்படித்தான் பிடிபடுகிறது. சாப்பிட்ட மறுநாளே வலி போய்விடும், அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம். கொஞ்ச நாளில் முகம் உருண்டையாகும், சர்க்கரை ஏறும். வாங்கும் முன் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் பாருங்கள்: எட்டு இலக்கம், பின்னால் ஓர் எழுத்து, பாரம்பரிய மருந்தென்றால் டி. எண்ணும் போலியாக இருக்கலாம், அதனால் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் தட்டிச் சரிபாருங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்திருந்தால் பயந்து சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்திருக்கும், திடீரென நிறுத்தினால் மயங்கி விழ நேரிடும். டப்பாவைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் கொண்டு போங்கள். பிறகு அதே டப்பாவோடு எங்களிடமும் வாருங்கள், மருந்து அமலாக்கப் பிரிவில் புகார் செய்ய உதவுகிறோம்.