அரசியல் நிர்ணய சபையை ஃபார்வர்டு மெசேஜில் படிக்காதீர்கள்

"இட ஒதுக்கீடு பத்து வருஷத்துக்குத்தான்னு அம்பேத்கரே அரசியல் நிர்ணய சபையில சொல்லிட்டாரே சார்!" இந்த வாரமும் என்னிடம் வழக்கு கொடுத்த ஒரு கட்சிக்காரர் மொபைலை நீட்டினார். அதை அப்படியே நீதிமன்ற மனுவில் சேர்க்க வேண்டுமாம்.

பத்து ஆண்டு என்பது அரசியலமைப்பின் 334-வது பிரிவு. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கிய தொகுதிகளுக்குத்தான் அந்தக் கெடு. அதையும் நாடாளுமன்றம் தொடர்ந்து நீட்டி, 104-வது திருத்தத்தில் 2030 வரை கொண்டுவந்துவிட்டது. அரசு வேலைக்கான 16(4)-இல் பத்தும் இல்லை, இருபதும் இல்லை. கல்விக்கான 15(4)-ஐ, அரசியலமைப்பை எழுதிய அந்தச் சபையின் விவாதங்களில் தேடுவதே வீண். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை அரசின் வகுப்புவாரி அரசாணை செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாது என்றான பிறகு, 1951-இல் முதல் திருத்தத்தில் சேர்த்தது அது. அந்த ஆண்டின் நாடாளுமன்ற விவாதத்தைப் புரட்டுங்கள். இட ஒதுக்கீடு வேண்டுமா வேண்டாமா என்று தாராளமாக வாதாடுங்கள். இல்லாத பதிவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

பிரிவின் எண்ணை நம்பியும் ஏமாறாதீர்கள். சபை விவாதித்த வரைவில் 315 பிரிவுகள், முடிவில் 395. இன்றைய 16-வது பிரிவு அன்று 10. அதன் மீதான விவாதம் 30-11-1948 அன்று நடந்தது. வரைவுக் குழு வக்கீல்களுக்கு ஒரு சொர்க்கத்தைக் கட்டிவிட்டது என்று சபை உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி சீண்டியதற்கு அம்பேத்கர் பதில் சொன்னதும் அன்றுதான். (சொர்க்கவாசிகள் இப்போது வாட்ஸ்அப் படித்துக்கொண்டிருக்கிறோம்.)

அப்புறம், ஓர் உறுப்பினர் பேசியதெல்லாம் சபையின் முடிவு ஆகாது. மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோஷலிச என்ற சொற்களை முதல் பிரிவிலேயே சேர்க்கச் சொல்லி கே.டி. ஷா 1948 நவம்பரில் திருத்தம் கொண்டுவந்தார். அது தோற்றது. அவர் பேச்சை மட்டும் வெட்டிப் போட்டால் சபையே அப்படி நினைத்ததுபோல் இருக்கும். தோற்றதை மட்டும் சொல்லி, 1976-இல் 42-வது திருத்தம் மதச்சார்பற்ற, சோஷலிச என்ற இரண்டையும் முகப்புரையில் சேர்த்ததை மறைப்பவர்களும் இருக்கிறார்கள். ஓட்டெடுப்பு வரை படியுங்கள்.

மெசேஜில் தேதி இல்லையா? அழித்துவிடுங்கள். தேதி இருந்தால், சபை விவாதங்களின் 12 தொகுதிகளும் நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அந்த நாளைத் திறந்து பாருங்கள். பொடி எழுத்துதான், பொறுமை வேண்டும். தயவுசெய்து அதை மனு தாக்கலுக்கு முன்னால் செய்யுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பக்கத்தை எழுந்து படித்த பிறகு நான் சொல்ல ஒன்றும் இருக்காது.