பவுன்ஸ்: திரும்பி வரும் மடலுக்குத் தமிழில் என்ன பெயர்?

மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு இதழுக்குப் பிறகும் ஓர் அறிக்கையைப் பார்ப்பார்கள். எத்தனை பேருக்குப் போனது, எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் சுட்டியைச் சொடுக்கினார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்று வரிசையாக எண்கள் இருக்கும். எல்லோரும் ஆவலோடு தேடுவது திறந்தவர்களின் எண்ணிக்கையை. அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ சிறிய எழுத்தில் 'பவுன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான் என்பது என் உறுதியான கருத்து. நம் எழுத்து எப்படி இருக்கிறது என்பதை மற்ற எண்கள் ஓரளவுக்குச் சொல்லலாம். நம்மிடம் உள்ள முகவரிகள் உண்மையானவையா, எப்படிச் சேர்க்கப்பட்டவை என்பதைச் சொல்வது இந்த எண்.

பொருள் எளிது. அனுப்பிய மடல் உரியவரின் பெட்டிக்குள் போய்ச் சேராமல், ஏன் சேரவில்லை என்ற குறிப்போடு அனுப்பியவருக்கே திரும்புவது பவுன்ஸ். அந்தக் குறிப்பை எழுதி அனுப்புவது சர்வர், அதாவது மடல்களை வாங்கிக் கொடுக்கும் கணினி. 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் பலருடைய பெட்டியிலும் ஒருமுறையாவது அது வந்திருக்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பின்னணியில் தானாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலை டீமன் என்று அழைப்பது 1960-களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வழக்கம். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் தன் சிந்தனைச் சோதனையில் கற்பனை செய்த குட்டிப் பூதத்தின் நினைவாக வைத்த பெயர் அது.

ஆங்கிலத்தில் 'பவுன்ஸ்' முதலில் பந்தைப் பற்றிய சொல்லாக இருக்கவில்லை. இடைக்கால ஆங்கிலத்தில் அதற்கு அடித்தல், மொத்துதல் என்று பொருள். டச்சு மொழியில் உள்ள இணைச்சொல்லுக்கும் மோதுதல், குத்துதல் என்றே பொருள். நம்முடைய 'தொம்', 'மடார்' போல ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்திருக்கலாம் என்று அகராதியாளர்கள் கருதுகிறார்கள். மோதிய பொருள் எகிறும் அல்லவா? அந்த வழியில் 16-ஆம் நூற்றாண்டுவாக்கில் பந்து எகிறுவதற்கும் அதே சொல் வந்தது. அப்புறம் 1920-களில் அமெரிக்கப் பேச்சு வழக்கில், கணக்கில் பணமில்லாமல் திரும்பிய காசோலைக்கும் அதைச் சொல்லத் தொடங்கினார்கள். மின்னஞ்சலுக்கு இது காசோலையிலிருந்தே வந்திருக்கலாம் என்பது கணினித் துறையினரிடையே நெடுநாளாக உள்ள விளக்கம்.

மின்னஞ்சல் எப்படிப் போய்வர வேண்டும் என்ற விதிகளை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக எழுதினார். அதில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. சேர்க்க முடியாத மடலைப் பற்றிய அறிவிப்பை அனுப்பும்போது, அந்த அறிவிப்பின் அனுப்புநர் இடத்தை வெறுமையாக விடலாம். இல்லையென்றால், அந்த அறிவிப்பும் சேராமல் போகும்போது அதற்கொரு அறிவிப்பு, அதற்கும் இன்னொன்று என்று இரண்டு சர்வர்கள் முடிவில்லாமல் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்த ஒன்று மறுபடி திரும்பக் கூடாது என்ற இந்த விதி இன்றும் நடப்பில் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

அகராதியைத் திறந்து நேராக மொழிபெயர்த்தால் 'துள்ளல்' கிடைக்கும். அதை நான் ஏற்க மாட்டேன். தமிழில் துள்ளுவது கன்றுக்குட்டியும் மீனும். தன் உயிர்ப்பால், தன் உற்சாகத்தால் துள்ளுகின்றன. சேர வேண்டிய இடத்தில் சேர முடியாமல் வந்த மடலுக்கு அந்தச் சொல் பொருந்தாது. 'எகிறல்' பந்துக்குச் சரி, மடலுக்குச் சரியில்லை. 'மீள்தல்' நல்ல பழஞ்சொல்தான். ஆனால் கடனிலிருந்து மீள்வது, நோயிலிருந்து மீள்வது என்று இன்றைய காதுக்கு அது நல்ல செய்தியாகவே கேட்கிறது.

இதற்கான சொல்லை நம் கடைவீதி ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது. வியாபாரிகள் 'செக் பவுன்ஸ்' என்கிற அளவுக்கு 'செக் ரிட்டர்ன்' என்றும் சொல்கிறார்கள். "அவர் கொடுத்த செக் ரிட்டர்ன் ஆயிடுச்சு" என்பார்கள். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆம் பிரிவு 1988 திருத்தத்தின் வழியாகச் சேர்ந்து, 1989 ஏப்ரல் 1 முதல் இது தண்டனைக்குரிய குற்றமானது. அதன் பிறகு செய்தித்தாள்கள் அதைச் 'செக் மோசடி வழக்கு' என்றே எழுதிவருகின்றன. வழக்குக்கு அந்தப் பெயர் இருக்கட்டும். நிகழ்வுக்கு மக்கள் வைத்த பெயர் திரும்புதல். கடிதத்துக்கும் அதேதான்: "லெட்டர் திரும்பி வந்துடுச்சு." ஆகவே பவுன்ஸ் என்பதற்குத் 'திரும்பல்' என்பதே சரியான தமிழ். திரும்பிய மடல், திரும்பிய முகவரி, திரும்பல் வீதம் என்று சேர்த்துச் சொல்லவும் தடையில்லை. சிலர் 'திரும்பல் விகிதம்' என்று எழுதுகிறார்கள். நம் பள்ளிக் கணக்கில் விகிதம் என்பது 3:2 போன்ற ஒப்பீட்டைக் குறிக்கும் சொல். நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும்போது 'வீதம்' பொருத்தமானது.

அறிக்கைகளில் பவுன்ஸ் இரண்டாகப் பிரிந்திருக்கும்: ஹார்ட், சாஃப்ட். இவற்றை வன்திரும்பல், மென்திரும்பல் என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. மடல் எப்படித் திரும்பினாலும் அதில் வன்மை, மென்மை என்று ஒன்றுமில்லை. மூல விதிகளே தெளிவான பெயர்களைத் தருகின்றன. சர்வர் தரும் எண் 5-இல் தொடங்கினால் நிரந்தரத் தோல்வி, 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தோல்வி. எனவே நிரந்தரத் திரும்பல், தற்காலிகத் திரும்பல் என்பவையே நேரானவை.

சேராத கடிதத்தின் உறைமேல் தபால்காரர் காரணத்தை எழுதித் திருப்புவார்: விலாசதாரர் இல்லை, வாங்க மறுத்தார், கதவு பூட்டியிருக்கிறது. சர்வர் எண்களும் அதே வேலையைச் செய்கின்றன. 5.1.1 என்றால் அந்தப் பெயரில் இங்கே பெட்டியே இல்லை. 5.7.1 என்றால் வாங்க மறுப்பு. 421 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 4.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. இந்தக் கடைசிக் காரணம் நாம் நினைப்பதைவிட முக்கியமானது. ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் மின்னஞ்சலுக்கு மட்டுமானதல்ல, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். ஒரு வாசகர் பேரக்குழந்தையின் வீடியோக்களைச் சேமித்துச் சேமித்து இடம் தீர்ந்தால், உங்கள் இலக்கியச் செய்திமடலும் திரும்பும். அவருக்கு உங்கள்மேல் எந்த வருத்தமும் இல்லை. பட்டியலிலிருந்து அவரை நீக்கவும் தேவையில்லை.

தற்காலிகக் காரணம் என்றால் அனுப்பும் சர்வர் உடனே கைவிடாது. குறைந்தது அரை மணி நேர இடைவெளி விட்டு மீண்டும் முயல வேண்டும், நான்கைந்து நாளாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்று இப்போதைய விதியான ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. அதனால் அனுப்பிய அன்று மாலையே அறிக்கையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால்தான் திரும்பல் எண் நிலைத்திருக்கும்.

இனி, கணக்கு. ஒரு பட்டியலில் 2000 முகவரிகள் என்று வைத்துக்கொள்வோம். 140 திரும்பின. திரும்பல் வீதம் 7 விழுக்காடு. சேர்ந்தவை 1860. அவற்றில் 465 பேர் திறந்ததாக அறிக்கை காட்டினால், திறப்பு வீதம் 25 விழுக்காடு என்று பெரும்பாலான சேவைகள் எழுதும். ஏனென்றால் திரும்பியவற்றைக் கழித்த பிறகே அவை வகுக்கின்றன. அனுப்பிய 2000-ஆல் வகுத்தால் அதே எண் 23.25 ஆகிவிடும். இரண்டு மாத அறிக்கைகளை ஒப்பிடும்போதும் ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் எதால் வகுத்திருக்கிறார்கள் என்று பார்க்காவிட்டால், இல்லாத வளர்ச்சியைக் கொண்டாடுவோம் அல்லது இல்லாத சரிவுக்கு வருந்துவோம்.

அந்த 7 விழுக்காடு சிறிதா பெரிதா? பெரிது, மிகப் பெரிது. அமேசானின் மின்னஞ்சல் சேவையில் நிரந்தரத் திரும்பல் 5 விழுக்காட்டை எட்டினால் அனுப்புகிறவரின் கணக்கு ஆய்வுக்குள் வரும். 10 விழுக்காட்டை எட்டினால் அனுப்புவதையே நிறுத்திவைக்கக்கூடும். 2 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு.

முகவரிகள் ஏன் இவ்வளவு கெடுகின்றன? சென்னைப் புத்தகக் காட்சியில் ஓர் அரங்கின் மேசையில் நோட்டு வைத்திருப்பார்கள். கூட்ட நெரிசலில், கையில் பையோடு, நின்றபடியே வாசகர் தன் மின்னஞ்சலை எழுதுவார். பிறகு அலுவலகத்தில் யாரோ ஒருவர் அதைத் தட்டச்சு செய்வார். 'எல்' என்ற எழுத்தும் 1 என்ற எண்ணும் குழம்பும். 'டாட் காம்' என்பது 'டாட் கான்' ஆகும். 'ஜிமெயில்' என்பதில் இரண்டு எழுத்துகள் இடம் மாறி வேறொரு தளத்தின் பெயராகிவிடும். வாசகர் உண்மையான ஆர்வத்தோடுதான் எழுதினார், ஆனாலும் அவருக்கு எதுவும் போய்ச் சேராது. முகவரி கிடைத்தவுடனே 'நீங்கள்தானா?' என்று ஓர் உறுதிப்படுத்தும் மடல் அனுப்பினால் இந்தப் பிழைகள் அன்றைக்கே தெரிந்துவிடும். அதை இதழ் அனுப்பும் நாள்வரை தள்ளிப்போடுவதால்தான் எல்லாப் பிழைகளும் ஒரே நேரத்தில் திரும்புகின்றன.

சரியாக எழுதிய முகவரிகளும் வயதாகும். கல்லூரி கொடுத்த முகவரி படிப்பு முடிந்ததும் மூடப்படும், நிறுவனம் கொடுத்தது வேலை மாறியதும் போகும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் வேலையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. விலைக்கு வாங்கிய பட்டியலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் இருப்பவர்கள் உங்களிடம் முகவரி கொடுத்தவர்களே இல்லை.

நிரந்தரமாகத் திரும்பிய முகவரியை முதல் முறையிலேயே நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலான சேவைகள் இதைத் தாமாகவே செய்கின்றன. ஆபத்து வருவது சேவை மாறும்போது. பழைய எக்செல் கோப்பை எடுத்து அப்படியே புதிய இடத்தில் ஏற்றுவார்கள். முன்பு நிறுத்தப்பட்ட அத்தனை முகவரிகளும் மறுபடி பட்டியலுக்குள் வந்துவிடும். முதல் இதழிலேயே திரும்பல் குவியும், புதிய சேவையில் தொடக்கமே சந்தேகத்தோடு அமையும். மாறும்போது திரும்பியவர்கள், விலகியவர்கள் ஆகிய இரண்டு பட்டியல்களையும் தனியாக வாங்கிக் கொண்டுபோய் அவற்றைக் கழித்துவிட்டு ஏற்றுங்கள்.

திரும்பல் குறைவாக இருந்தால் பட்டியல் சுத்தம் என்று உடனே முடிவு செய்யவும் முடியாது. சில நிறுவனங்களின் சர்வர்கள் தங்கள் தளப் பெயரில் வரும் எந்த முகவரியையும் வாங்கிக்கொள்ளும். ஆள் இருக்கிறாரா என்று பார்க்காது. அதைவிடக் கவனிக்க வேண்டியவை பொறி முகவரிகள். ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிக்க, மின்னஞ்சல் சேவை நடத்துகிறவர்கள் கைவிடப்பட்ட ஒரு முகவரியை மூடி, சில காலம் வரும் மடல்களையெல்லாம் திருப்பி அனுப்புவார்கள். பிறகு அதையே திறந்து வைத்து, இன்னும் யார் அனுப்புகிறார்கள் என்று கவனிப்பார்கள். அப்போது மடல் திரும்பாது, அமைதியாக உள்ளே போகும். திரும்பல் அறிவிப்பை முன்பே மதித்து முகவரியை நீக்கியவர் இதில் சிக்க மாட்டார்.

எல்லாத் திரும்பலும் முகவரியின் குற்றமும் அல்ல. 2024 பிப்ரவரி முதல், ஒரு நாளைக்கு 5000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று அடையாளச் சான்றுகளையும் அமைத்திருக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலக வழி வைக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 5.7.26 என்ற எண்ணோடு ஜிமெயிலிலிருந்து மடல்கள் திரும்பினால், அடையாளம் உறுதியாகவில்லை என்று பொருள். சில அறிக்கைகள் இதையும் நிரந்தரத் திரும்பல் என்ற தலைப்பிலேயே போட்டுவிடும். அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான நல்ல வாசகர்களை நீக்கிவிடாதீர்கள். திருத்த வேண்டியது அனுப்புநரின் அமைப்பை.

திறப்பு வீதத்தைவிட இந்த எண்ணை நான் ஏன் நம்புகிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. திறந்தார்களா என்பதை அறிய, மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறிய படத்தை வைப்பார்கள். அது இறங்கினால் திறந்ததாகக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, வாசகர் மடலைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அன்றிலிருந்து திறப்பு எண் ஊதிப்போய்விட்டது. திரும்பல் அப்படியல்ல. எதிர்முனை சர்வரே எண்ணோடு எழுதிக் கொடுக்கும் பதில் அது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இணையதளப் புள்ளிவிவரங்களிலும் 'பவுன்ஸ் ரேட்' என்று ஒன்று வரும். அது வேறு. ஒரு பக்கத்துக்கு வந்தவர் மேற்கொண்டு எதையும் பார்க்காமல், எதையும் செய்யாமல் போய்விடுவதை அது அளக்கிறது. அங்கே எதுவும் அனுப்பியவரிடம் திரும்புவதில்லை, ஆள் வந்த வேகத்தில் வெளியேறுகிறார். அதற்கு 'உடன்விலகல்' என்று தனிச்சொல் வைத்துக்கொண்டு, 'திரும்பல் வீதம்' என்பதை மடலுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டால், இரண்டு அறிக்கைகளையும் ஒரே கூட்டத்தில் மேசைமேல் வைத்துப் பேசினாலும் எது எதைக் குறிக்கிறது என்பதில் குழப்பம் வராது.