குழந்தையின்மை சிகிச்சை: அட்டையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுக்கான ஆயுஷ்மான் அட்டையை லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருந்தார் ஒரு தம்பி. கல்யாணமாகி ஆறு வருடம். ஒரு தனியார் மையத்தில், "கார்டை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல டெஸ்ட் எடுங்க" என்றார்கள். டெஸ்டுக்கே மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. எல்லாம் முடிந்தபின் கவுன்டரில் சொன்னார்கள்: "இதுக்கெல்லாம் கார்டு செல்லாதுங்க."

செல்லாது என்பது உண்மைதான். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் விலக்குப் பட்டியலிலேயே கருத்தரிப்பு தொடர்பான சிகிச்சைகள் இருக்கின்றன. புறநோயாளிச் செலவும் அதில் வராது. குழந்தையின்மைக்கான ஆரம்பப் பரிசோதனைகள் பெரும்பாலும் புறநோயாளியாக வந்து செய்பவைதான். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் வளையல் தப்பியிருக்கும். மாநிலக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களும், எந்தச் சிகிச்சை எந்தப் பேக்கேஜில் வருகிறது என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டு, அதன்பிறகு பணத்தை எடுங்கள். நார்த்திசுக்கட்டி, சினைப்பை நீர்க்கட்டி மாதிரி தனி நோய் ஏதாவது இருந்து அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் கதை வேறு. அதைத் தனியாகக் கேளுங்கள்.

சரி, அரசு இலவசமாக என்னதான் தருகிறது? ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சமுதாய நல மையத்திலும் குழந்தையில்லாத தம்பதிக்கு ஆலோசனை சொல்லி, உரிய இடத்துக்குப் பரிந்துரைத்து அனுப்ப வேண்டும் என்பது விதி. அங்கே ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) கிடையாது, எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அந்தப் பரிந்துரை வாய்வார்த்தையாகவே நின்றுவிடுகிறது. "பெரியாஸ்பத்திரிக்குப் போம்மா" என்பது பரிந்துரை அல்ல. எத்தனை வருடமாகக் குழந்தையில்லை, என்ன பார்த்தார்கள், எந்தத் துறைக்கு அனுப்புகிறார்கள் என்று ஓ.பி. சீட்டில் எழுதி, தேதி போட்டு, முத்திரை வைத்து வாங்குங்கள். அது இல்லாமல் போனால் பெரிய மருத்துவமனையில் முதல் வரிசையிலிருந்து மறுபடி நிற்க வேண்டியிருக்கும்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். பாதுகாப்பு முறை எதுவும் இல்லாமல் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லை என்றாலே பரிசோதனை கேட்கலாம். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும். வயதையும் வருடக் கணக்கையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, கணவர் கூடப் போக வேண்டும். நான் பார்த்த ஓர் அக்கா மூன்று வருடமாக ஸ்கேன், ரத்தம், மாத்திரை என்று ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதம் சேர்த்து வைத்திருந்தார். அத்தனையிலும் அவர் பெயர்தான். கணவரின் விந்துப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் போகவில்லை. மலிவானதும் எளிதானதும் அந்தச் சோதனைதான். அதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். அதற்கு முன் 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்திருக்க வேண்டும் என்பதைப் பல இடங்களில் சொல்லாமலே டப்பாவைக் கையில் கொடுக்கிறார்கள். பிறகு "இது சரியில்லை, இன்னொரு நாள் வாங்க" என்பார்கள். ஒருநாள் கூலி போச்சு.

நாள் கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. சில ஹார்மோன் சோதனைகளை மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாளில்தான் எடுக்க வேண்டும். கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரேயை விலக்கு நின்றபின், கருமுட்டை வெளியாவதற்கு முன் எடுக்க வேண்டும். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தாலோ, "மிஷின் ரிப்பேர்" என்றாலோ ஒரு மாதம் முழுசாகப் போய்விடும். லேப் எந்தெந்த நாள் இயங்குகிறது, எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

காசநோயையும் கேளுங்கள். கருக்குழாயைத் தாக்கும் காசநோய் நம் நாட்டில் பெண்களின் குழந்தையின்மைக்கு ஒரு முக்கியக் காரணம். இருமலே இல்லாமலும் இருக்கும். அது உறுதியானால் மருந்து முழுக்க இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பெயர் ஏறாவிட்டால் அந்தப் பணம் வராது. அதனால் பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் அரசின் கருத்தரிப்பு மையம் 2024 தொடக்கத்தில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் திறக்கப்பட்டது. எங்கே போனாலும் சரி, ஐ.வி.எஃப். போன்ற சிகிச்சைகளை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பு இருக்கிறது. ஆதாரில் பிறந்த வருடம் தப்பாக இருப்பவர்கள் இப்போதே திருத்துங்கள். திருமணச் சான்றும் கேட்பார்கள். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

தனியார் மையத்துக்குத்தான் போவது என்றால் அந்தச் சட்டப்படியான பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நிலை ஒன்று என்று பதிவானவர்கள் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை வரைதான் செய்யலாம், ஐ.வி.எஃப். செய்ய நிலை இரண்டு வேண்டும். வேறொரு பெண்ணின் கருமுட்டை வேண்டுமென்றால் பதிவு பெற்ற கருமுட்டை வங்கி மூலம்தான். "ஆள் ரெடி பண்ணித் தர்றோம்" என்று புரோக்கர் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள், அசலை யாரிடமும் விட்டு வராதீர்கள். அந்த மஞ்சள் பை ஒருநாள் ஏதோ ஒரு கவுன்டரில் "இங்கேயே வைங்க" என்றதால் காணாமல் போனது. திரும்பவும் முதலிலிருந்து எல்லாச் சோதனையும் எடுத்தார் அந்த அக்கா.