ஒரு சின்ன வளைவு: வெண்ணெயும் மார்ஜரினும்

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஏனுங்க, வீட்டுலயே கேக், பிஸ்கட் போட்டு விக்கலாம்னு இருக்கேன். கடையில வெண்ணெய்க்குப் பதிலா மார்ஜரின் வாங்கிக்கச் சொல்றாங்க, விலை ரொம்பக் கம்மி. ஆனா அது பிளாஸ்டிக்னு வாட்ஸ்அப்புல வருதுங்களே?"

பிளாஸ்டிக் கதையை முதலில் முடித்துவிடலாம். "மார்ஜரினுக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒரே ஒரு மூலக்கூறுதான் வித்தியாசம்" என்று சுற்றும் வாக்கியத்துக்கு வேதியியலில் அர்த்தமே கிடையாது. தண்ணீர் மூலக்கூறில் ஒரே ஒரு ஆக்சிஜன் அணு கூடினால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு, தலைமுடியை வெளுக்க வைக்கிற சரக்கு. அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோமா? இந்தப் புரளி எனக்குக் கோபத்தை வரவழைக்கக் காரணம், மார்ஜரினில் பயப்பட வேண்டிய ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதைப் பற்றி ஒரு ஃபார்வர்டும் எனக்கு வந்ததில்லை.

வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பு, 16 பங்கு தண்ணீர், மீதி பாலின் புரதமும் சர்க்கரையும் உப்பும். மார்ஜரினிலும் ஏறக்குறைய இதே கணக்குதான், கொழுப்பு மட்டும் தாவர எண்ணெயிலிருந்து வருகிறது. 1869-ல் பிரான்சில் மெஜ் மூரியே என்பவர் இதைக் கண்டுபிடித்தபோது மாட்டுக் கொழுப்பில்தான் செய்தார், எண்ணெய் பின்னால் வந்தது. சரி, எண்ணெய் என்றால் ஊற்ற வேண்டியதுதானே, அது எப்படிக் கட்டியாக நிற்கிறது?

கரும்பு லாரியில் லோடு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நேரான கரும்பாக இருந்தால் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கும், கட்டு கல் மாதிரி இருக்கும். நடுவில் வளைந்த கரும்பை அப்படி அடுக்கவே முடியாது, கயிற்றை அவிழ்த்தால் சரிந்துவிடும். எண்ணெயையும் கொழுப்பையும் ஆக்கும் நீளமான மூலக்கூறுத் துண்டுகளான கொழுப்பு அமிலங்களும் இப்படித்தான். 18 கார்பன் வரிசையாக நிற்கும் ஸ்டியரிக் அமிலம் நேர்க் கரும்பு, அது உருக 69 டிகிரி சூடு வேண்டும். அதே 18 கார்பனில், நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு (அடுத்தடுத்த இரு கார்பன்களுக்கு இடையே இரட்டை முடிச்சு) வந்து உடம்பை வளைத்துவிட்டால் அது ஒலியிக் அமிலம், கடலை எண்ணெயில் நிறைய இருப்பது. 13 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் நம் ஊர் மார்கழிக் குளிரிலும் கடலை எண்ணெய் உறைவதில்லை.

இப்போது வருவதுதான் எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் ஆச்சரியம் தீராத இடம். 1902-ல் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர், சூடான எண்ணெயில் நிக்கல் தூளைப் போட்டு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி எண்ணெயைக் கட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஹைட்ரஜன் போய் ஒட்டிக்கொண்டால் இரட்டைப் பிணைப்பு போய்விடும், வளைவு நிமிர்ந்துவிடும். ஆனால் வேலையைப் பாதியில் நிறுத்தினால், சில மூலக்கூறுகள் நிக்கலைத் தொட்டுவிட்டு ஹைட்ரஜனைப் பிடிக்காமலேயே திரும்பிவிடுகின்றன, வரும்போது இரட்டைப் பிணைப்பு அப்படியே இருக்கிறது, வளைவைக் காணோம்! ஓர் அணுகூடக் கூடவில்லை, குறையவில்லை, பிணைப்பின் இரு பக்கமும் இருந்த கைகள் திசை மாறிக்கொண்டன, அவ்வளவுதான். ஒலியிக் அமிலம் எலைடிக் அமிலம் ஆகிவிட்டது. உருகும் சூடு 13-லிருந்து 45 டிகிரிக்குத் தாவிவிட்டது. இதுதான் ட்ரான்ஸ் கொழுப்பு. கரும்பு அதே கரும்பு, யாரோ நிமிர்த்தி வைத்த மாதிரி.

நம் உடம்புக்கு இந்த நிமிர்வு ஒத்துக்கொள்ளவில்லை. ட்ரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்ல கொலஸ்ட்ராலை இறக்குகிறது என்று நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் தெளிவாகக் காட்டியது 1990-ல், அதாவது நார்மனுக்கு 88 வருஷம் கழித்து. விற்கிறவர் செலவில் இப்படிப்பட்ட கேள்விகள் எழாது, பொதுப்பணத்தில்தான் எழும் என்பது என் உறுதியான எண்ணம். நம் ஊர் பேக்கரிப் பண்டங்களை மாதாமாதம் வாங்கிச் சோதித்து முடிவைத் தமிழில் வெளியிட அரசு பணம் ஒதுக்க வேண்டும். இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்பு எதிலும் ஆலையில் உருவான ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். மாட்டின் வயிற்று பாக்டீரியாவும் இதே நிமிர்த்தும் வேலையைக் கொஞ்சம் செய்கிறது, அதனால் வெண்ணெயிலும் சிறிதளவு இயற்கையாகவே உண்டு.

இன்று பேக்கரிக்கு வரும் மார்ஜரின் பெரும்பாலும் பாமாயில். அதில் நேர்க் கரும்பு இயல்பாகவே பாதிக்குப் பாதி, வெண்ணெயிலும் கொழுப்பில் பாதிக்கு மேல் அப்படித்தான். வெண்ணெயைவிட மார்ஜரின் இதயத்துக்கு நல்லது என்று வெளிநாட்டு மருத்துவர்கள் சொல்வது, சூரியகாந்தி மாதிரி எண்ணெய்களில் செய்து டப்பாவில் வரும் மெத்தென்ற வகையை வைத்து. அந்தப் பேச்சை நம் பேக்கரிக் கட்டிக்குப் பொருத்தக்கூடாது.

தடவுவதற்கு வேறொரு விஷயம் முக்கியம். வெண்ணெயோ மார்ஜரினோ, முழுக்கக் கட்டி இல்லை. குட்டிக் குட்டிக் கொழுப்புப் படிகங்கள் வலை மாதிரி பின்னி நிற்க, அந்த வலைக்குள் எண்ணெய் சிக்கியிருக்கிறது. என் அமுச்சி (அம்மாவின் அம்மா) நெய் காய்ச்சி முருங்கைக்கீரை போட்டு இறக்கி, "ஆடாம அசையாம இருந்தாத்தான் மணல் கட்டும்" என்று சட்டியை மூலையில் வைத்துவிடுவார். மெதுவாக ஆறும்போது படிகம் பெரிதாக வளரும், ஊத்துக்குளி நெய்யை நாக்கில் வைத்தால் நெருநெருவென்று தெரிவது அந்தப் படிகம்தான். மார்ஜரின் ஆலையில் நேர்மாறு: சட்டென்று குளிரவைத்து விடாமல் பிசைகிறார்கள், படிகம் வளர நேரமே கிடைப்பதில்லை, அதனால் வழவழப்பு. அதிலும் பப்ஸுக்கான வகையைச் சித்திரை வெயிலில்கூட மாவின் அடுக்குக்குள் கரையாமல் நிற்கும்படி செய்கிறார்கள். அதே காரணத்தால் வாயிலும் முழுதாகக் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகாகப் படிகிறது. வெண்ணெய் 32-லிருந்து 35 டிகிரிக்குள் உருகிவிடும், வாய்ச்சூடு 37. டீக்கடை பன் பட்டர் ஜாமில் இருப்பது எது என்று நாக்கே சொல்லிவிடும்.

தாளிக்கவும் பொரிக்கவும் இரண்டுமே வேண்டாம். வெண்ணெயின் பால்புரதம் 150 டிகிரி வாக்கில் கருகத் தொடங்கும், மார்ஜரினில் தண்ணீர் இருப்பதால் தெறிக்கும். புரதத்தையும் தண்ணீரையும் எடுத்துவிட்ட நெய்யோ, செக்கு எண்ணெயோ போதும்.

ஆகவே அம்மிணி, வெண்ணெய் பிஸ்கட் என்று பேர் போட்டு விற்றால் வெண்ணெயே போடுங்கள், வாசனைக்கு ஈடில்லை. பப்ஸுக்கு மார்ஜரின் தவறில்லை, பாக்கெட்டில் ட்ரான்ஸ் கொழுப்பு அளவைப் பார்த்து வாங்கி, வாங்குகிறவருக்கும் சொல்லிவிடுங்கள். கேக்குக்கு வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைப்பது அந்தப் படிக வலைதான், உருகிவிட்டால் கேக் எழும்பாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளப்பு வரக்கூடாது, 20 டிகிரி பக்கம். மே மாதத்தில் பாத்திரத்தையும் ஃப்ரிட்ஜில் வைத்தெடுத்து விடியற்காலையில் அடியுங்கள். அமுச்சி தயிர் சிலுப்பியதும் அந்த நேரத்தில்தான், வெயில் ஏறினால் படிகம் கரைந்து வெண்ணெய் திரளாது.