பியானோவை மாற்றுமுன் பின்பக்கத்தைப் பாருங்கள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தேவாலயத்திலிருந்து அழைத்தார்கள். ஆராதனைக்கு வாசிக்கும் ஸ்டேஜ் பியானோ (மேடைக்கான மின்னணுப் பியானோ) "தகர டப்பா மாதிரி கேட்குது", புதிதாக வாங்க 6,000 வெள்ளி சேர்ந்துவிட்டது, எதை வாங்கலாம் என்று நான் சொல்ல வேண்டுமாம். போய்ப் பார்த்தேன். நல்ல கருவி. வாசிக்கும் தம்பியிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். இரண்டு வரி வாசித்துவிட்டு, "அண்ணே, இதுல நல்லாத்தானே இருக்கு!" என்றான்.

அப்படியானால் குறை பியானோவில் இல்லை. அதற்குப் பிறகு வரும் ஏதோ ஒன்றில். கோலாலம்பூரில் இருபது வருடமாக ஒலியமைப்பு செய்கிறேன். "சத்தம் மெலிசா இருக்கு" என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் கருவியே குற்றவாளியாக இருந்தது மிகக் குறைவு.

பின்பக்கம் ஒரே ஒரு கேபிள், 'எல்/மோனோ' (இடது, அல்லது இரண்டும் சேர்ந்த ஒற்றை ஒலி) என்று எழுதிய ஓட்டையில். பக்கத்தில் 'ஆர்' (வலது) காலி. இங்கேதான் பலருக்கும் விஷயம் தெரிவதில்லை. கருவிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கிராண்ட் பியானோவைப் பல மைக் வைத்துப் பதிவு செய்த ஒலி. ஒரு சுரம் எல்லா மைக்குக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. கொஞ்சம் முன்பின் இருக்கும். இரண்டு காதுக்கும் தனித்தனியாக வந்தால் அந்த முன்பின்தான் பியானோவின் அகலம். வலது ஓட்டை காலியாக இருந்தால் கருவி இடது, வலது இரண்டையும் கூட்டி ஒரே கம்பியில் அனுப்பும். அப்போது ஒன்றின் அலை எழும் நேரத்தில் மற்றதன் அலை இறங்கி, சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். மிச்சம் வருவதுதான் அந்தத் தகர டப்பா.

நீங்களே சோதிக்கலாம். பெடல் மிதிக்காமல், நடு சி-யிலிருந்து ஒவ்வொரு கீயாக ஒரே அழுத்தத்தில் மேலே போங்கள். ஹெட்போனில் சமமாக வருபவை ஸ்பீக்கரில் ஆங்காங்கே குழி விழுந்தது போல மெலிகிறதா? அறையும் குழி பறிக்கும். அதனால் இடம் மாறி நின்றும் கேளுங்கள். எங்கே நின்றாலும் அதே சுரம் மெலிந்தால் சந்தேகம் அந்த ஒற்றைக் கேபிள் மேல்தான்.

இரண்டு கேபிள், இரண்டு ஸ்பீக்கர் என்பது முழு வைத்தியம். மிக்ஸரில் ஒரு சானலின் பேன் குமிழை (ஒலி எந்தப் பக்கம் போகும் என்று தீர்மானிப்பது) இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் திருப்ப வேண்டும். நடுவிலேயே விட்டால் பழைய கதைதான். ஒரே ஸ்பீக்கர்தான் என்றால் கருவியில் மோனோ பியானோ ஒலி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கைவைத்தியம்: வலது ஓட்டையில் மறுமுனை எங்கும் போகாத ஒரு கேபிளைச் செருகுங்கள். பெரும்பாலான கருவிகள் கூட்டுவதை நிறுத்திவிட்டு இடது ஒலியை மட்டும் அனுப்பும். அகலம் கிடைக்காது, ஆனால் சதை திரும்பிவிடும். ஜாலான் பாசாரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும், கம்பி இல்லாத வெறும் பிளக் போதும்.

அடுத்தது ஸ்பீக்கர். மர பியானோவில் 200-க்கும் மேற்பட்ட கம்பிகளின் அதிர்வை ஒரு முழுப் பலகை காற்றுக்குக் கொடுக்கிறது. இடது கோடி கீயின் அடிப்படை அதிர்வெண்ணே 27.5 ஹெர்ட்ஸ். இதை 5 அங்குலக் கூம்பிடம் கேட்டால் எங்கே போகும்? 10 அல்லது 12 அங்குலம் இருந்தால் பெட்டியில் கொஞ்சம் மரவாசனை வரும். இந்தத் தேவாலயத்தில் ஆம்ப் (ஸ்பீக்கரோடு சேர்ந்த ஒலிபெருக்கிப் பெட்டி) டிரம்ஸுக்குப் பின்னால் தரையில் இருந்தது. சபையாரின் கணுக்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. காது உயரத்துக்கு ஏற்றினோம். காண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) வாசிப்பவர்கள் சுவர் மூலையைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே அடி ஒலி வீங்கும், கீழ் வீட்டுக்காரரும் வருவார்.

சத்த அளவைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. மெதுவாக அழுத்தினால் மங்கலான ஒலி, ஓங்கி அழுத்தினால் கூர்மையான ஒலி என்று கருவிக்குள் அடுக்கடுக்காகப் பதிவு இருக்கும். ஆம்பை அதிகமாக ஏற்றி வைத்தால், பயந்து விரல் நுனியால் தடவுவீர்கள். மங்கல் அடுக்கு மட்டுமே வரும். தன் சத்தம் தனக்குக் கேட்காத மேடையில் நேர் எதிர்: ஓங்கிக் குத்துவீர்கள், எல்லாமே கூர்மை அடுக்கு. இந்தத் தம்பிக்கு இரண்டாவது நோய். அங்கேயே இருந்த ஒரு சின்ன மானிட்டரை (வாசிப்பவர் தன் ஒலியைக் கேட்கும் ஸ்பீக்கர்) அவன் பக்கம் வைத்ததும் கை தானாகத் தளர்ந்தது. பலமாக வாசிக்கும்போது மர பியானோ அளவுக்குச் சத்தம் வரும்படி ஆம்பை வைத்து, மிச்சத்தை விரலிடம் விட்டுவிடுவது என் வழக்கம்.

ஈக்யூவில் (அதிர்வெண்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களில்) எதையும் ஏற்றாதீர்கள். 300 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் குறைத்தாலே ஒலியில் இருக்கும் சேறு வடிந்து தெளியும். ஓடு போட்ட மண்டபத்தில் கருவியின் ரிவெர்பை (செயற்கை எதிரொலியை) அணைத்துவிடுங்கள், மண்டபமே போதுமான அளவு முழங்கும். கூடவே வரும் சதுரப் பெடல் பெரும்பாலும் வெறும் சுவிட்ச். பாதி மிதிப்பை அறியும் பெடலைக் கருவி ஏற்கும் என்றால் அதற்குச் செலவு செய்யலாம்.

அங்கே அன்றைக்குச் செலவு ஒரு பிளக் மட்டும். இரண்டாவது ஸ்பீக்கரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவது ஞாயிறு காலை போன்: "அண்ணே, திரும்பத் தகரமாயிடுச்சு." மேடையைச் சுத்தம் செய்த யாரோ, எங்கேயும் போகாத பிளக் எதற்கு என்று உருவிப் போட்டிருக்கிறார்கள். இப்போது அதன் மேல் சிவப்பு டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறது: 'எடுக்காதீர்கள்.'