இரண்டரை மில்லிமீட்டர் சுங்கச்சாவடி

மௌனப்படக் காலத்தில் ஒரு படத்தை வெளிநாட்டில் விற்க ஒரு மொழிபெயர்ப்பாளரும் ஒரு கத்தரிக்கோலும் போதும். ஏற்றுமதிக்கென்று போகும் நெகட்டிவில், காட்சிகளுக்கு நடுவே வசனத்தை எழுத்தாகக் காட்டும் அட்டைகள் முழுதாக இருக்காது. ‘இங்கே அட்டை வரும்’ என்று அடையாளம் காட்ட ஒவ்வொன்றுக்கும் சில ஃபிரேம்கள் மட்டும் விட்டிருப்பார்கள். ஸ்வீடனில் ஸ்வீடிஷ் அட்டை, போலந்தில் போலிஷ் அட்டை என்று அங்கங்கே படம்பிடித்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். திரையில் கதாநாயகி உதட்டை அசைப்பாள். அவள் பேசுவது அவரவர் மொழி என்று நினைத்துக்கொள்ள எந்த ஊர் ரசிகருக்கும் தடையில்லை.

1927 அக்டோபரில் அமெரிக்காவில் ‘த ஜாஸ் சிங்கர்’ வெளியானது. அதன் ஒலி தனி இசைத்தட்டில் இருந்தது. தட்டு கீறினாலோ ஊசி தாவினாலோ வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். அதனால் சில ஆண்டுகளிலேயே ஒலி ஃபிலிமுக்குள் குடியேறிவிட்டது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் படத்துக்கும் ஓரத் துளைகளுக்கும் நடுவே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை. அதில் ஒலி அலைகள் கறுப்பு வெளுப்பாகப் பதிவாகியிருக்கும். புரொஜெக்டரில் ஒரு விளக்கு, மெல்லிய பிளவு வழியாக அந்தப் பட்டையின் மேல் ஒளியைப் பாய்ச்சும். மறுபக்கம் வருகிற ஒளியின் ஏற்ற இறக்கத்தை ஒளிமின்கலம் மின்சாரமாக மாற்றும், ஒலிபெருக்கி அதைக் குரலாக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. படம் தெரியும் இடத்தில் ஃபிலிம் விநாடிக்கு 24 முறை நின்று நின்று போகும். ஒலி படிக்கும் இடத்தில் அப்படி நின்றால் குரல் சிதைந்துவிடும்; அங்கே ஃபிலிம் சீராக ஓட வேண்டும். எனவே இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது. ஒரு காட்சிக்கு உரிய ஒலி, அந்தக் காட்சிக்குச் சுமார் 20 ஃபிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். நீளத்தில் சொன்னால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது பழைய பழக்கத்தில் கத்தரிக்கோலை எடுத்து, ஒரு காட்சியை வெட்டி அட்டையை ஒட்டிப் பாருங்கள். வெட்டிய துண்டோடு போவது அந்தக் காட்சியின் குரல் அல்ல, முக்கால் விநாடி கழித்து வரப்போகிற குரல். ஒரு காலத்தில் எங்கு வேண்டுமானாலும் வெட்டி ஒட்ட முடிந்த சரக்கு, இப்போது தன் மொழியோடு பின்னிப்பிணைந்துவிட்டது.

சரி, குரலை மட்டும் மாற்றிவிடலாமே? ஆரம்ப ஆண்டுகளில் அது லேசான காரியமாக இல்லை. வசனம், பின்னணி இசை, கதவு சாத்தும் சத்தம் எல்லாம் பெரும்பாலும் படப்பிடிப்பின்போதே ஒன்றாகப் பதிவாயின. பதிவானதை இன்னொரு முறை பதிவுசெய்தால் இரைச்சல் ஏறியது. ஆகவே ஹாலிவுட் முரட்டுத்தனமான ஒரு வழியைப் பிடித்தது: ஒரே படத்தை மொழிக்கு ஒரு தடவை எடுப்பது. பாரமவுண்ட் 1930ல் பாரிஸுக்குப் பக்கத்தில் ஷ்வான்வில் என்ற இடத்தில் ஸ்டுடியோ வைத்து ஒரே செட்டில், ஒரே கதையை, மொழிக்கொரு நடிகர் கூட்டத்தை வைத்துப் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் தயாரித்தது. யுனிவர்சல் ‘டிராகுலா’வைப் பகலில் ஆங்கிலத்திலும், அதே செட்டில் இரவில் ஸ்பானிஷிலும் எடுத்தது. இரவில் எடுத்ததே மேல் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

வியாபாரமாக இது கையைக் கடித்தது. சின்ன மொழிகளில் போட்ட பணம் திரும்பவில்லை. ரசிகர்கள் கேட்டது அசல் நட்சத்திரத்தை, கிடைத்ததோ அவருக்குப் பதிலாக நடித்தவர். ஸ்பானிஷ் படங்களில் இன்னொரு கூத்து: ஒரே வீட்டில் அப்பா மாட்ரிட் உச்சரிப்பில் கேட்க, மகன் மெக்சிகோ உச்சரிப்பில் பதில் சொல்வான்.

இதற்கிடையில் ஒலிப்படக் கருவிகளிலும் ஒரு போர் நடந்தது. ஜெர்மனியின் டோபிஸ்-கிளாங்ஃபில்ம் கூட்டணி தன் காப்புரிமைகளைக் காட்டி நீதிமன்றத்துக்குப் போய், அமெரிக்கக் கருவிகளுக்கு அங்கே தடை வாங்கியது. அமெரிக்கக் கம்பெனிகள் பதிலுக்குப் பேசும்படங்களை ஜெர்மனிக்குத் தர மறுத்தன. கடைசியில் 1930 ஜூலையில் பாரிஸில் உட்கார்ந்து உலக வரைபடத்தையே பங்குபோட்டுக்கொண்டார்கள். ஜெர்மனியும் மத்திய ஐரோப்பாவும் டோபிஸுக்கு; அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்றவை அமெரிக்கர்களுக்கு. நம் நாடும் அமெரிக்கப் பங்கில்தான் விழுந்தது. நம்மை யாரும் கேட்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அரசாங்கங்கள் சும்மா இருக்குமா? பிரிட்டனுக்கு ஆங்கிலமே மொழி என்பதால் அங்கே மொழிச்சுவர் கிடையாது. 1927ல் சட்டம் போட்டு, விநியோகஸ்தர்களும் தியேட்டர்களும் இத்தனை சதவீதம் பிரிட்டிஷ் படங்களை எடுத்தே ஆக வேண்டும் என்றது. கணக்குக் காட்டுவதற்காகவே மலிவுப் படங்கள் குவிந்தன. பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் படங்களுக்கு இந்தியாவிலும் சலுகை தரவேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த திரைப்பட விசாரணைக் குழு 1928 அறிக்கையில் அதை ஏற்கவில்லை.

சாமர்த்தியம் என்றால் இத்தாலிதான். 1930 அக்டோபரில் முசோலினி அரசு, வெளிநாட்டு மொழியில் பேசும் காட்சி இருந்தால் தணிக்கைச் சான்றிதழ் கிடையாது என்றது. விநியோகஸ்தர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பேசும்படத்திலிருந்து பேச்சை உருவிவிட்டு, பழையபடி எழுத்து அட்டைகளைச் செருகினார்கள். நடிகர் வாயைத் திறப்பார், ஒன்றும் கேட்காது, அட்டை வரும். வசனமே உயிராக இருந்த படங்களில் எத்தனை அட்டை வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காசு கொடுத்துத் தியேட்டருக்கு வந்து இருட்டில் வாசித்துக்கொண்டிருந்தார்கள் பாவம்.

ஓரிரு ஆண்டுகளில் தொழில்நுட்பம் மாறியது. இரைச்சலைக் குறைக்கும் முறைகள் வந்ததும் வசனத்தை ஒரு டிராக்கிலும் இசையையும் மற்ற சத்தங்களையும் வேறு டிராக்குகளிலும் வைத்துக் கடைசியில் கலக்க முடிந்தது. வசன டிராக்கைக் கழற்றி, அந்த இடத்தில் வேறு மொழியை மாட்டினால் போதும். உதட்டசைவுக்கு ஏற்ப வசனத்தை ஒரு நீளக் காகிதப் பட்டையில் எழுதி, படத்தோடு சேர்த்து ஓட்டி, அதைப் பார்த்தே பேசும் முறையும் ஐரோப்பாவில் உருவானது. ஷ்வான்வில் ஸ்டுடியோ டப்பிங் கூடமாக மாறியது.

சட்டம் உடனே இதைப் பிடித்துக்கொண்டது. பிரான்ஸ் 1932ல், இத்தாலி 1933ல் ஒரே மாதிரி நிபந்தனை வைத்தன: டப்பிங் எங்கள் மண்ணில்தான் நடக்க வேண்டும். படம் எந்த நாட்டுடையதாகவும் இருக்கட்டும், குரலுக்குக் கூலி உள்ளூரில் இறங்க வேண்டும். வசனத்தில் பிடிக்காத வரியை மாற்றுவதும் அரசுக்குச் சுலபமாயிற்று. இத்தாலியில் டப்பிங் வேரூன்றியது இப்படித்தான். நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற சின்னச் சந்தைகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. அவை சப்டைட்டிலோடு நின்றுகொண்டன.

ஹாலிவுட் நகைச்சுவை ஜோடி லாரல்-ஹார்டியின் கதை இதில் தனி. மொழிக்கு ஒரு தடவை எடுத்த காலத்தில் அவர்கள் தெரியாத மொழிகளை ஒலிக்குறிப்பாக எழுதிவைத்துப் படித்தே நடித்தார்கள். இங்கிலீஷ் வாடை அடிக்கும் அவர்களது இத்தாலிய மொழி இத்தாலியில் சிரிப்புக்கு உத்தரவாதமாகிவிட்டது. பிறகு டப்பிங் இத்தாலிக்கே வந்தபோது, ஹார்டிக்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ரோமில் பிறந்து வளர்ந்த நடிகர் ஆல்பர்ட்டோ சோர்டி. முதல் அசையை அழுத்தி ‘ஸ்தூபிதோ’ என்று சொல்ல வேண்டிய ‘முட்டாள்’ என்ற சொல்லை, மெனக்கெட்டு ‘ஸ்துபீதோ’ என்று தப்பாக அழுத்திச் சொல்வார். இத்தாலியர்கள் கிண்டலுக்கு இன்றும் அதை அப்படியே சொல்கிறார்கள்.